சூரக்கல் கோட்டைக்கு அப்பாவைப் பார்க்கப் போனது

இங்க வா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் படு. காலை நீட்டு பாப்போம். இன்னிக்கு பூரா கோட்டையில ஏறி எறங்கினதுல கெண்டைக்கால் கல்லாட்டம் ஆயிருக்கு பாரு. பெரியம்மா அமுக்கி விடுறேன், நீ கண்ண மூடிக்கிட்டுக் கேளு. நடுவுல நடுவுல 'ம்' சொல்லணும், என்ன? 'ம்' நின்னுச்சுன்னா நீ தூங்கிட்டேன்னு நானும் நிறுத்திடுவேன்.

என்ன கதை? ராஜா கதையா? ராஜா, ராணி, யானை எல்லாந்தான் அந்தக் கைடு மாமா மூச்சு விடாம சொல்லிட்டாரே. நான் ராஜா கதை சொல்லல. ரெண்டு சின்னப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கோட்டைக்குப் போன ஒரு அம்மா கதை சொல்றேன். கேக்குறியா?

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. அவ பேரு பவளக்கொடி. பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு மத்தியானச் சோறு சமைக்கிறவ. அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தது பொண்ணு, கனிமலர். ஏழு வயசு, உன்ன விட ஒரு வயசு சின்னவ. அடுத்தது பையன், பேரு தனசேகரன், ஆனா எல்லாரும் தனசு தனசுன்னுதான் கூப்பிடுவாங்க. அவனுக்கு நாலு வயசு.

அந்தப் புள்ளைங்களோட அப்பா பேரு மாசிலாமணி. கல்லு வேலை செய்யறவரு. வீடு கட்டுற வேலை இல்ல. பழைய கோயில், பழைய கோட்டை, அதுல எல்லாம் செவுரு இடிஞ்சு விழுந்துடும் இல்ல? விழுந்த கல்லு ஒவ்வொண்ணுக்கும் சுண்ணாம்பால நம்பர் எழுதி, எது எங்க இருந்துச்சோ அங்கயே திரும்ப வச்சுக் கட்டுறது. சிமெண்டு போடக் கூடாதாம். சுண்ணாம்ப அரைச்சு, அதுல கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் ஊத்தி, நாள் கணக்கா ஊற வச்சுப் பூசணும். ஆமா, வெல்லந்தான். செவுத்துக்குக் கூட வெல்லம். நக்கிப் பாக்காத.

அப்போ சூரக்கல்னு ஒரு மலை. அது மேல ஒரு கோட்டை. அந்தக் கோட்டையில உச்சிச் செவுரு சரிஞ்சு கிடந்துச்சு. அதக் கட்ட மாசிலாமணி போனாரு. பஸ்ஸுல ரெண்டரை மணி நேரம். திங்கக்கிழமை போனா சனிக்கிழமை சாயங்காலந்தான் வருவாரு.

அது ஐப்பசி மாசம். மூணு நாளா அடைமழை. சோ சோன்னு ஊத்துது. நாலாவது நாள் காலையில வெயில் அடிச்சுச்சு. சரி வேலையப் பாக்கலாம்னு எல்லாரும் ஏறினாங்க. ஆனா செவுத்துக்குள்ள இருந்த மண்ணு தண்ணி குடிச்சுக் குடிச்சு உப்பியிருக்கு. வெளிய பாத்தா தெரியாது. மாசிலாமணி கீழ உக்காந்து கல்லு செதுக்கிக்கிட்டு இருந்தாரு. சரசரசரன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பழைய செவுரு அப்படியே அவரு மேல வந்துருச்சு.

...

ஆமாடா கண்ணு. செத்துப் போயிட்டாரு.

அப்போ கனிக்கு நாலு வயசு. தனசு ஒரு வயசுக் கைக்குழந்தை. அப்பாவ வீட்டுக்குக் கொண்டு வந்தப்போ புள்ளைங்க பாக்க வேணாம்னு சித்தி ஒருத்தி தூக்கிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டா. எல்லாம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சுக் கொண்டு வந்து விட்டா. கனி வந்ததும் வராததுமா, “அப்பா எங்கம்மா?”ன்னு கேட்டுச்சு.

பவளக்கொடி வாயத் தொறந்தா. அப்புறம் என்ன சொன்னா தெரியுமா? “அப்பா கோட்டையில இருக்காரு.”

வாரா வாரம் போய்க்கிட்டு இருந்த மனுஷன்தானே. புள்ளையும் நம்பிருச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சா. நாளைக்கு வந்துச்சு, சொல்லல. தீபாவளி வந்துச்சு, சொல்லல. தனசு நடக்க ஆரம்பிச்சான், பேச ஆரம்பிச்சான். அவனும் கேட்டான், “அப்பா எங்க?” அவனுக்கும் அதே பதில்தான். “கோட்டையில இருக்காரு.” “எப்ப வருவாரு?” “வேலை முடிஞ்சா வருவாரு.” இப்படியே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

என்ன? பொய் சொல்றது தப்பா? தப்புதான். ஆனா அவளத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ 'ம்' சொல்லு.

“ம்.”

அப்புறம் தனசுவ எல்கேஜியில சேத்தாங்க. அங்க மிஸ் எல்லாப் புள்ளைங்களையும், உங்கப்பா என்ன பண்றாரு, உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டிருக்காங்க. ஒருத்தன் டிரைவர்னான், ஒருத்தி கடைன்னா. நம்ம தனசு எந்திரிச்சு நின்னு, “எங்கப்பா கோட்டையில இருக்காரு”ன்னான். “கோட்டையிலயா? உங்கப்பா என்ன ராஜாவா?”ன்னு ஒரு பையன் கேட்டதும் கிளாசே கொல்லுன்னு சிரிச்சுருச்சு.

வீட்டுக்கு வந்தான். சோத்துத் தட்டத் தள்ளி வச்சான். “கோட்டைக்குக் கூட்டிட்டுப் போ. நான் அப்பாவப் பாக்கணும்.”

“போலாம்டா, சாப்பிடு.”

“போனாத்தான் சாப்பிடுவேன்.”

மொத நாள் சாப்பிடல. ரெண்டாம் நாள் ஒரு டம்ளர் பாலு. மூணாம் நாள் மேலெல்லாம் சுட்டுது. பவளக்கொடி அவன் நெத்தியில கை வச்சுக்கிட்டு ராவெல்லாம் உக்காந்திருந்தா. விடிஞ்சதும், “ஞாயித்துக்கிழமை போலாம்”னா. அவ மனசுல என்னன்னா, அங்க கூட்டிட்டுப் போயி, அந்த எடத்துல வச்சு, உள்ளதச் சொல்லிடணும். இனிமே முடியாது. அவளும் அதுவரைக்கும் அந்தக் கோட்டைப் பக்கமே போனதில்ல. பஸ்ஸுல அந்தப் பேரப் பாத்தாலே மொகத்தத் திருப்பிக்குவா.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. தனசுவுக்குக் காய்ச்சல் விட்டிருந்துச்சு, விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டான். தலைக்குத் தண்ணி ஊத்தச் சொன்னான். புதுச் சட்டை போட்டுக்கிட்டான். ஒரு சின்னப் பையில முறுக்கு நாலு எடுத்து வச்சுக்கிட்டான். “யாருக்குடா?”ன்னு கனி கேட்டா. “அப்பாவுக்கு”ன்னான். கனி அவன் சட்டைப் பட்டன மட்டும் சரியாப் போட்டு விட்டுச்சு.

பஸ்ஸு போவுது, போவுது, ரெண்டரை மணி நேரம் போவுது. அப்போ தூரத்துல ஒரு மலை தெரிஞ்சுது. மொட்டைக் கல்லு மலை. அது மேல பல்லு பல்லா ஒரு செவுரு. “அதான் அப்பா வீடு!”ன்னு தனசு கத்தினான். பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. பவளக்கொடி சன்னல் கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

சூரக்கல் கோட்டைக்கு மூணு வாசல். அடிவாரத்துல ஒண்ணு, பாதி மலையில ஒண்ணு, உச்சியில ஒண்ணு. மொத வாசல்லயே சொல்லிடணும்னு பவளக்கொடி நெனச்சா. மேல ஏறிட்டா அவனுக்கு ஆசை இன்னும் கூடிப் போயிடும்.

மொத வாசல்ல யானை நுழையற மாதிரி பெரிய மரக் கதவு. கதவு பூரா இரும்பு முள்ளு. ஸ்கூல் புள்ளைங்க கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு ஸ்டூலு. அதுல ஒரு காவக்காரரு, பேரு சிங்காரவேலு. காக்கிச் சட்டை, பெரிய மீசை. தனசு அம்மா கைய உதறிட்டு நேரா அவருகிட்ட போனான். அண்ணாந்து அவரு மீசையப் பாத்தான்.

“நீங்க எங்கப்பாவா?”

சிங்காரவேலு சிரிச்சுட்டாரு. “இல்லடா ராஜா. ஏன், உங்கப்பா கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டாரா?”

“இல்ல. அவரு இங்கதான் வேலை செய்யறாரு. மாசிலாமணின்னு பேரு. மீசை இருக்கும்னு அக்கா சொன்னா.”

அந்தப் பேரக் கேட்டதும் அவரு சிரிப்பு நின்னு போச்சு. மெதுவா நிமிந்து பவளக்கொடியப் பாத்தாரு. அவ வேணாம்னு கண்ணாலயே கெஞ்சினா. அவருக்குப் புரிஞ்சுது. எந்திரிச்சு நின்னுட்டாரு, தொப்பியக் கழட்டினாரு. “மேல போய்ப் பாருங்கம்மா. படி வழுக்கும், பாத்துப் போங்க”ன்னு மட்டும் சொன்னாரு.

“மேலதான் இருக்காராம்!”னு தனசு துள்ளிக் குதிச்சான். பவளக்கொடி, “தனசு, இங்க வா, அம்மா ஒண்ணு சொல்லணும்”னா. “என்ன?”ன்னு திரும்பினான் பாரு, மொகமெல்லாம் பல்லு. அவளால முடியல. “தண்ணி குடிச்சுட்டு ஏறு”ன்னா.

மொத வாசல் போச்சா?

“ம்.”

அப்புறம் படி. ஐய்யோ, என்னா படி! நீ இன்னிக்கு ஏறினது எல்லாம் ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு படியும் தனசு முட்டி ஒசரம். வெயில் வேற சுள்ளு சுள்ளுன்னு அடிக்குது. அவன் கைய ஊனி, முட்டியப் போட்டு, பல்லி மாதிரி ஏறுறான். தூக்கிக்கிறேன்டான்னா விட மாட்டேங்கிறான். “நான் நடந்தே வந்தேன்னு அப்பாகிட்ட சொல்லணும்.”

ரெண்டாவது வாசல் வந்துச்சு. அங்க நெழல் இருந்துச்சு, ஜில்லுன்னு காத்து. இங்க சொல்லிடலாம், உக்கார வச்சு மடியில போட்டுச் சொல்லிடலாம்னு பவளக்கொடி முந்தானைய விரிச்சு உக்காந்தா. “தனசு...”ன்னு ஆரம்பிச்சா. மேல வளைவுல இருந்து தொப்புன்னு ஒரு கொரங்கு குதிச்சுது. பையப் பிடிச்சு ஒரே இழுப்பு. சர்ர்னு பை கிழிஞ்சுது. நாலு முறுக்கையும் வாரிக்கிட்டு செவுத்து மேல ஏறி உக்காந்து, கடக்கு மொடக்குன்னு தின்ன ஆரம்பிச்சுருச்சு.

நீ சிரிக்கிற. தனசு சிரிக்கல. கையில கிழிஞ்ச பையோட நின்னான், உதடு பிதுங்குச்சு. “அது அப்பாவுக்கு”ன்னான் அந்தக் கொரங்குகிட்ட. சத்தம் போட்டுக்கூடச் சொல்லல. அப்புறம் அம்மாவப் பாத்து, “இப்போ அப்பாவுக்கு என்னம்மா குடுக்கறது?”ன்னான்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். “அழாத, போம்போது வேற வாங்கிக்கலாம்”னுட்டா. சொல்லி முடிச்சதுமே அவளுக்கு அவ மேலயே வெறுப்பா வந்துச்சு. இன்னொரு பொய். கனி தலையக் குனிஞ்சுக்கிட்டு, சிதறிக் கிடந்த முறுக்குத் துண்டக் காலால ஓரமாத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் மூணாவது வாசல். அது வாசல் மாதிரியே இல்ல. ரெண்டு பக்கமும் ஒசரமா பாறை, மேல கல்லுக் கூரை, நடுவுல இருட்டா ஒரு சந்து. சந்துக்குள்ள வௌவால் நாத்தம். பதினஞ்சு இருவது அடி நடந்தாத்தான் அந்தப் பக்கம் வெளிச்சம். சந்துக்கு முன்னாடி தனசு நின்னான். உள்ள எட்டிப் பாத்தான். நெஞ்சு நெறைய மூச்சு இழுத்து,

“அப்பாஆஆ!”ன்னு கூப்பிட்டான்.

உள்ள இருந்து, “ப்பாஆ... ப்பாஆ... ப்பாஆ...”

அவன் மொகத்தப் பாக்கணுமே அப்போ! “அப்பா பேசறாரு! உள்ள இருக்காரு!”ன்னான். அவ்வளவுதான், தடதடதடன்னு ஓடிட்டான். “டேய், நில்லுடா!”ன்னு பவளக்கொடி பின்னாலயே ஓடினா. ஆனா சந்துக்குள்ள எதிர்ல ஸ்கூல் புள்ளைங்க கூட்டமா வருது, அம்பது புள்ளைங்க, ஒருத்தர் தோள ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு கூக்கூன்னு ரயிலு விட்டுக்கிட்டு. தனசு குட்டிப் பையன், கால் சந்துல புகுந்து போயிட்டான். அவளால போக முடியல. நகருங்க நகருங்கன்னு கத்தறா, அவ சத்தமும் அந்தச் சந்துல முட்டி முட்டித் திரும்பி வருது. ஒரு வழியா கனி கையப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்து பாத்தா, தனசு இல்ல.

தூங்கிட்டியா?

“இல்ல. எங்க போனான்?”

அதான் அவளுக்கும் தெரியல. உச்சி பூரா பொட்டல். அங்கங்க இடிஞ்ச கட்டடம். மொதல்ல நெல்லுக் களஞ்சியத்துக்குள்ள ஓடினா. ஒருத்தர் மேல ஒருத்தரா மூணு ஆளு நிக்கலாம், அவ்வளவு பெரிய களஞ்சியம். “தனசூ!”ன்னா. புறாதான் படபடன்னு பறந்துச்சு. அங்க இல்ல. அப்புறம் சுனைக்கு ஓடினா. பாறைக்கு நடுவுல குளம் மாதிரி தண்ணி, மேல பச்சையா பாசி மூடிக் கெடக்கு. தண்ணி அசையுதான்னு பாத்தா. தவளை ஒண்ணு குபுக்குன்னு குதிச்சுது. அங்கயே குந்திட்டா. தலையில அடிச்சுக்கிட்டு, “அவரத் தேடிக்கிட்டு ஓடுறானே, இங்க அவரு இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன், எப்படிச் சொல்லுவேன்”ன்னு அழுதா.

கனி அவ தோளப் பிடிச்சு இழுத்துச்சு. “எனக்குத் தெரியும்மா. அப்பா செத்துட்டாருன்னு எனக்குத் தெரியும். எந்திரிம்மா, தம்பியத் தேடலாம்.”

பவளக்கொடி அந்தப் பொண்ணப் பாத்தா. கேக்க அப்போ நேரமில்ல. கையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. ரெண்டு பேரும் கோட்டைச் செவுத்துப் பக்கம் ஓடினாங்க.

அந்தச் செவுத்துல நடுவுல நடுவுல ஒரு சந்து விட்டிருப்பாங்க, பீரங்கி வைக்கறதுக்கு. நீ கூட இன்னிக்கு ஒண்ணுல உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டியே, கம்பி போட்டது. அங்க கம்பி இல்ல. அந்த மாதிரி ஒரு சந்துல, வெளிய பாத்தாப்புல தனசு நின்னுக்கிட்டு இருக்கான். ஒரு கையால கல்லப் பிடிச்சிருக்கான், இன்னொரு கை நெத்தியில. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் ஆகாசம். காத்து உஸ்ஸுன்னு அடிக்குது, சட்டை படபடங்குது.

பவளக்கொடி ஒரு அடி எடுத்து வச்சா. சத்தம் கேட்டு அவன் லேசா அசஞ்சான். கால்ல இருந்த செருப்பு ஒண்ணு நழுவி அந்தப் பக்கம் விழுந்துச்சு. விழுந்த சத்தமே கேக்கல.

அவ அப்படியே நின்னுட்டா.

“அம்மா, அங்க பாரு! கீழ வயல்ல ஒருத்தரு போறாரு. அவருதான் அப்பாவா?”

எறும்பு மாதிரி யாரோ ஒரு ஆளு, ரொம்பக் கீழ. பவளக்கொடிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, ஆமாடா, அப்பாதான்டா, வா கீழ போலாம்னு. மூணு வருஷம் சொல்லிப் பழகின வாய் இல்லையா? ஆனா ஆமான்னு சொன்னா அவன் இன்னும் எட்டிப் பாப்பான். இல்லன்னு சொன்னா கோவத்துல உதறுவான். ஓடிப் போய்ப் பிடிக்கலாம்னா, அம்மா விளையாட்டுக்குத் துரத்துறான்னு நெனச்சு ஒரு அடி முன்னால வச்சுட்டா? முன்னால எடமே இல்ல.

அவ தரையில உக்காந்துட்டா. நின்ன எடத்துலயே. கனியையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. ரொம்ப மெதுவா, “தனசு, அப்பா எங்க இருக்காருன்னு அம்மாவுக்குத் தெரியும்”னா.

அவன் தலைய மட்டும் திருப்பினான்.

“உனக்குச் சொல்றேன். காதுலதான் சொல்லுவேன். இங்க வா.”

“நெசமா?”

“நெசமா.”

“சும்மா சொல்ல மாட்டியே?”

“மாட்டேன்டா தங்கம். இன்னிக்கு சும்மா சொல்ல மாட்டேன்.”

அவன் யோசிச்சான். காத்து அடிக்குது. கனி அம்மா முந்தானையக் கடிச்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் அவன் ஒரு கால உள்ள வச்சான். அடுத்த கால. மெல்லத் திரும்பி, கல்லப் பிடிச்சு எறங்கி, ஒத்தச் செருப்போட டக்கு டக்குன்னு நடந்து வந்தான். கைக்கு எட்டினதும் பவளக்கொடி அவன வாரி எடுத்து நெஞ்சோட அமுக்கிக்கிட்டா. அமுக்கின அமுக்குல அவன், “வலிக்குதும்மா”ன்னான். அப்பவும் விடல.

“சொல்லு”ன்னான். காதக் கொண்டு வந்து அவ வாய்கிட்ட வச்சான்.

சாமிகிட்ட போயிட்டாருன்னு சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு அவளுக்கு. சொன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை சாமிகிட்ட கூட்டிட்டுப் போம்பான். அதனால அவ உள்ளத உள்ளபடியே சொன்னா.

“அப்பா செத்துப் போயிட்டாருடா.”

அவன் காத எடுத்தான். அவ மொகத்தப் பாத்தான். “நம்ம செவப்புக் கோழி செத்துச்சே, அந்த மாதிரியா?”

“ஆமா.”

“கோழி திரும்பி வரவே இல்லையே.”

“அப்பாவும் வர மாட்டாரு.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் வர மாட்டாரு.”

“நான் பெரிய பையனானா?”

“அப்பவும் வர மாட்டாரு கண்ணு.”

அப்புறம் ரெண்டு கையாலயும் டம் டம்முன்னு அவ நெஞ்சுல குத்தினான். “கோட்டையில இருக்காருன்னு சொன்னியே! நீதான சொன்ன!”

“சொன்னேன். பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“சொல்ல எனக்கு வாயே வரலடா. பயமா இருந்துச்சு.”

அடிச்சான், அடிச்சான், கை ஓய அடிச்சான். அவ தடுக்கல. அப்புறம் ஓன்னு அழுதான். அவளும் அழுதா. மூணு வருஷமா அவ புள்ளைங்க முன்னாடி ஒரு சொட்டு விட்டதில்ல. தலகாணிய வாயில வச்சு அடைச்சுக்கிட்டுத்தான் அழுவா. அன்னிக்குத்தான் புள்ளைங்க முன்னாடி அழுதா.

அப்புறம் கனிய இழுத்து மடியில போட்டுக்கிட்டு, “உனக்கு யாரும்மா சொன்னா?”ன்னு கேட்டா.

“கொழாயடியில பேசிக்கிட்டாங்க. நான் ரெண்டாங்கிளாஸ் சேந்தப்போ.”

“ஒரு வருஷமாவா? ஏன்டி அம்மாகிட்ட கேக்கல?”

“கேட்டா நீ அழுவேன்னுதான்.”

ஏழு வயசுப் புள்ள, பாத்துக்கோ. ஒரு வருஷம் பூரா அத ஒத்தையா வச்சுக்கிட்டு இருந்திருக்கு.

...ம் சொல்லு. அழறியா என்ன? இங்க வா, தொடச்சுக்கோ. இன்னும் கொஞ்சந்தான்.

“ம்.”

அப்போ புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிக்கிட்டு சிங்காரவேலு வந்துட்டாரு. கீழ எறங்கின ஸ்கூல் புள்ளைங்க, ஒரு அம்மா பையனத் தேடி அழுதுக்கிட்டு ஓடறாங்கன்னு சொல்லியிருக்கு. மூணு வாசலும் நிக்காம ஏறி வந்திருக்காரு. தனசுவப் பாத்ததும் அப்பாடான்னு பாறையில உக்காந்துட்டாரு. அவங்க அழறதப் பாத்து அவருக்குத் தெரிஞ்சு போச்சு, சொல்லியாச்சுன்னு.

“தங்கச்சி, அப்போ நானும் அவரோட செவுரு வேலையில இருந்தேன், அன்னிக்கு பக்கத்துலதான் இருந்தேன்”னாரு. “எங்க கையாலதான் கல்ல அள்ளினோம்.”

தனசு விக்கிக்கிட்டே, “எங்கப்பாவுக்கு வலிச்சுதா?”ன்னு அவரக் கேட்டான்.

சிங்காரவேலு பவளக்கொடியப் பாத்தாரு. அவ, சொல்லுங்கன்னு தலைய ஆட்டினா.

“தெரியலப்பா. ரொம்ப நேரம் ஆகல. நாங்க போய்ப் பாக்கும்போதே அவரு போயிட்டாரு.”

அவன் அதக் கேட்டுக்கிட்டான். அப்புறம் அவரு, “வாங்க, ஒண்ணு காட்டறேன்”னு கூட்டிக்கிட்டுப் போனாரு. கொஞ்ச தூரத்துல புதுசாக் கட்டின செவுரு. பழசு கருத்துக் கெடக்கும், இது கொஞ்சம் வெளுப்பா இருக்கும். அந்தச் செவுத்துல ஒரு கல்ல அவரு உள்ளங்கையால தொட்டாரு. “அந்தக் கோடியில இருந்து இந்தக் கல்லு வரைக்கும் உங்கப்பா வச்சது. அந்தப் பக்கம் சரிஞ்சப்போ கூட இது அசையல. இதுக்கு அடுத்த கல்லுல இருந்து நாங்க வச்சோம்.”

பவளக்கொடி பாத்தா. பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியல. கல்லு, அதுக்குப் பக்கத்துல கல்லு. நடுவுல ஒரு விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு. அவரு அங்க நிறுத்தினாரு, இங்க இவங்க தொடங்கினாங்க. அவ்வளவுதான்.

தனசு கல்லு மேல கைய வச்சான். “சுடுது”ன்னான்.

“வெயிலுடா”ன்னா கனி.

ஆனா கைய எடுக்கல அவன். கனியும் வச்சுது. அப்புறம் பவளக்கொடியும் வச்சா. மூணு பேரும் அப்படியே நின்னாங்க. சிங்காரவேலு கொஞ்சம் தள்ளிப் போயி, அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாரு.

அப்புறம் எறங்கினாங்க. தனசுவுக்கு ஒத்தச் செருப்புதானே, கல்லு சுடுதுன்னு சிங்காரவேலு தோள்ல தூக்கிக்கிட்டாரு. பாதி மலை வர்றதுக்குள்ள அவன் தூங்கிட்டான். பஸ்ஸுல அம்மா மடி, வீட்டுலயும் அம்மா மடி. எந்திரிக்கவே இல்ல.

மறுநாள் காலையில அவன் கண்ணு முழிச்சப்போ பவளக்கொடி தரையில உக்காந்து, துணிப்பெட்டிக்கு அடியில கைய விட்டு ஒரு போட்டோவ எடுத்துக்கிட்டு இருந்தா. செத்தவங்க போட்டோவ மாட்டினா மாலை போடணும், மாலை போட்டா புள்ளைங்க கேக்கும்னு பயந்து, மூணு வருஷமா சேலைக்குள்ள சுத்தி மறைச்சு வச்சிருந்தது. தூசியத் தொடச்சா. கனி ஆணி எடுத்துக் குடுத்துச்சு. டொக்கு டொக்குன்னு அடிச்சு மாட்டினாங்க. தனசு பாயில இருந்தே பாத்துக்கிட்டு இருந்தான்.

“அவருக்கு என்ன பிடிக்கும்?”னு கேட்டான்.

“கருவாட்டுக் கொழம்பு. ஆனா முள்ளு எடுக்கத் தெரியாது. நான்தான் எடுத்துக் குடுக்கணும்.”

கனி சிரிச்சுருச்சு. பவளக்கொடிக்கே ஆச்சரியமாப் போச்சு. இந்த மூணு வருஷத்துல, கோட்டையில இருக்காருங்கறதத் தவிர அவரப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசினா புள்ளைங்க எப்ப வருவாருன்னு கேக்கும், அதுக்கு இன்னொரு பொய் சொல்லணும். அதனால அவரு பேரே அந்த வீட்டுல எடுக்க முடியாமப் போச்சு. இப்போ பேசலாம். அப்போ தனசு, “அப்புறம்?”னான்.

“அப்புறம், சைக்கிள் ஓட்டும்போது விசில் அடிப்பாரு. பாட்டு ஒண்ணும் வராது, வெறும் காத்துதான் வரும்.”

“அப்புறம்?”

“நீ பொறந்தப்போ உன்னத் தூக்கப் பயந்தாரு. கை ரெண்டும் கல்லு பிடிச்சுக் காப்புக் காச்சிப் போயிருக்கும், புள்ளைக்கு உறுத்தும்னு. வேட்டிய நாலா மடிச்சு, அது மேல வச்சுத்தான் உன்னத் தூக்குவாரு.”

தனசு பாயில இருந்து எந்திரிச்சு வந்து, அம்மா மடியில ஏறி உக்காந்துக்கிட்டான். “பசிக்குது”ன்னான். அஞ்சு நாளா ஒழுங்காச் சாப்பிடாத புள்ள. பவளக்கொடி பழைய சோத்துல மோர ஊத்திப் பெசஞ்சா. ஒரு வாயி அவனுக்கு, ஒரு வாயி கனிக்கு, ஒரு வாயி அவளுக்கு. சட்டி காலி ஆகற வரைக்கும் மூணு பேரும் சாப்பிட்டாங்க.

அவ்வளவுதான்டா. ம் சொல்லு.

...

தூங்கிருச்சு. சரி சரி, தூங்கு. அவங்கள மலையில இருந்து பத்திரமா எறக்கிக் கொண்டு வந்து சேத்தாச்சு. கதையும் சாப்பிட்டுக் கை கழுவிருச்சு. நீ தூங்கு.